சைக்கிள் போற ஓரத்துக்கு பைக்கு ஏன் வருது, மதுரையில அதுக்கு என்ன செய்யலாம்

மதுரை ஐயர் பங்களா ஏரியாவுல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. பொண்ணு பிளஸ் ஒன் சேர்ந்திருக்கு, ஸ்கூல்ல அரசு சைக்கிள் குடுத்துட்டாங்க, ஆனா அனுப்ப மனசு வரல. ரோட்டோட இடது ஓரத்துல சைக்கிளுக்குன்னு இருக்குற கொஞ்சூண்டு இடத்துலயும் பைக்கும் ஸ்கூட்டியும் புகுந்து போகுது, பாதி நேரம் எதிர்லயே வருது. இது சட்டப்படி சரியா, தனியா சைக்கிள் பாதை போட்டா தீருமா இல்ல அதுலயும் பைக்கு தான் ஓடுமா, பேசாம ஒரு ஸ்கூட்டி வாங்கிக் குடுத்துடலாமா, இதான் அவர் கேக்குறது. நான் ரோடு காண்ட்ராக்ட் வேலையில சைட் இன்ஜினியரா இருந்தவன், ஊருக்குள்ள இப்பவும் சைக்கிள் தான் மிதிக்கிறேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

சுருக்கமா வேணும்னா, சட்டப்படி தப்பு தான். வெறும் பெயிண்ட் அடிச்சு சைக்கிள் படம் போட்டு விட்ட பாதைக்குள்ள பைக்கு கண்டிப்பா வரும். அது ஏன் வருதுங்கிற காரணத்தை எடுக்காத வரைக்கும் போலீஸ் நின்னாலும் கம்பி நட்டாலும் ஒரு வாரத்துக்கு மேல தாங்காது. ஸ்கூட்டி மட்டும் வேண்டாம், அதுக்கு காரணம் பின்னாடி சொல்றேன்.

சட்டத்தை முதல்ல முடிச்சிடுவோம். ரோட்டுல நடைபாதையோ சைக்கிள் பாதையோ தனியா போட்டிருந்தா, யூனிஃபார்ம்ல இருக்குற போலீஸ்காரர் சொன்னாலொழிய அதுல வண்டி ஓட்டக்கூடாதுன்னு 1989 ரோடு விதியிலயே இருக்கு. அதை எடுத்துட்டு 2017ல புது டிரைவிங் ஒழுங்குமுறை கொண்டு வந்தாங்க, அதுலயும் இதே தடை இருக்கு. அந்த ஒழுங்குமுறையை மீறினா மோட்டார் வாகனச் சட்டத்துல 2019 திருத்தத்துல வந்த 177ஏ பிரிவுப்படி 500 ரூபாய்ல இருந்து 1,000 ரூபாய் வரைக்கும் அபராதம். ஆனா இதுல ஒரு விஷயத்தை கவனிக்கணும், பாதைன்னு ஒண்ணு போட்டிருந்தா தான் இந்த விதி. நம்மூர்ல பெரும்பாலான ரோட்டுல அப்படி ஒண்ணும் இல்ல, சைக்கிள்காரன் போற ஓரம் வெறும் பழக்கத்துல வந்த இடம், பேப்பர்ல அதுக்கு பேரே கிடையாது. அதனால அந்த ஓரத்துல ஒரு பைக்கு நீங்க போற திசையிலயே வந்தா நீங்க இந்த விதியை காட்ட முடியாது. எதிர்ல வந்தா மட்டும் காட்ட ஒண்ணு இருக்கு, 184வது பிரிவு. போக்குவரத்து போற திசைக்கு எதிரா ஓட்டுறதையும் ஆபத்தான ஓட்டுதல்னு 2019ல அதுல சேர்த்துட்டாங்க, முதல் தடவைக்கே 6 மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 1,000ல இருந்து 5,000 வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். ராங் சைடுல வர்றது சின்ன விஷயம்னு எல்லாரும் நினைக்கிறாங்க, சட்டம் அப்படி நினைக்கல.

இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. மோட்டார் 250 வாட்டுக்கு கீழ, வேகம் 25 கிலோமீட்டருக்கு கீழ இருக்குற பேட்டரி ஸ்கூட்டர் சட்டத்தோட கண்ணுல மோட்டார் வண்டியே இல்ல, அதான் லைசென்ஸ் இல்லாம நம்பர் பிளேட் இல்லாம ஓடுது. அதை சைக்கிள் பாதையில விடுறதா வேண்டாமான்னு நாளைக்கு மதுரையில பாதை போட்டா முதல் வாரமே கேள்வி வரும். என் அபிப்பிராயம், நிஜமாவே 25க்குள்ள ஓடுறதா இருந்தா விடலாம், ஆனா பாதி வண்டியில வேகத்தை கட்டுப்படுத்துற லாக்கை எடுத்துவிட்டு 40ல ஓட்டுறாங்க, அதை யாரும் நிறுத்தி பாக்குறதில்ல.

சரி, அந்த ஓரத்துல என்ன தான் நடக்குதுன்னு கொஞ்சம் கிட்டப்போய் பாருங்க, ஏன்னா கார்ல போறவங்களுக்கு இது தெரியவே தெரியாது. பழைய தாரை சுரண்டாம அது மேலயே அடுத்த லேயரை போடுவாங்க, ஒவ்வொரு தடவையும் 3, 4 சென்டிமீட்டர் ஏறும். சுரண்டிட்டு தான் போடணும்னு 2021ல தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டாரு, ஆனா அதுக்கு முந்தி ஏறின உயரம் அப்படியே தான் இருக்கு. அதனால தார் முடியுற எடத்துக்கும் மண்ணுக்கும் நடுவுல ஒரு படி விழுந்திருக்கும், சில எடத்துல நாலு விரல் உயரம். பின்னாடி ஒரு பைக்கு ஹாரன் அடிச்சுக்கிட்டே ஒட்டி வருது, பிள்ளை பயந்து மண்ணுல இறக்கிடுது. இறங்குறது பெருசில்ல, திரும்ப ஏறுறது தான் ஆபத்து. முன் வீல் அந்த விளிம்பை சாய்வா தொட்டா ஏறாது, விளிம்போட உரசிக்கிட்டே போகும், ஹேண்டிலை வலது பக்கம் ஒடிச்சாலும் வீல் திரும்பாது, ஆனா உடம்பு ஏற்கனவே வலது பக்கம் சாஞ்சாச்சு. அப்ப விழுந்தா மண்ணு பக்கம் விழ மாட்டோம், ரோட்டுப் பக்கமா, பின்னாடி வர்ற வண்டிக்கு முன்னாடி விழுவோம். சைக்கிள்ல போறவன் தானா விழுந்தான்னு எழுதுற பல கேசு இப்படி நடந்தது தான். இதோட காத்து கொண்டு வந்து சேர்க்குற மணலு, எறங்கிப் போன பாதாளச் சாக்கடை மூடி, கடைக்காரர் கழுவி விட்ட தண்ணி, எல்லாம் அந்த மூணு அடியில தான் வந்து சேருது.

எதிர்ல வர்ற பைக்கு இன்னும் மோசம். 2017 ஏப்ரல்ல இருந்து வர்ற பைக்குல ஹெட்லைட்டை அணைக்கிற சுவிட்சே கிடையாது, அது நல்லதுக்கு தான் கொண்டு வந்தாங்க, ஆனா சாயங்காலம் டியூஷன் முடிஞ்சு ஆறரை ஏழு மணிக்கு வர்ற பிள்ளைக்கு இடது ஓரத்துல நேருக்கு நேர் அந்த வெளிச்சம் அடிக்கும், அதுவும் ஹைபீம்ல. அந்த நேரத்துல கீழ இருக்குற குழி தெரியாது, வலது பக்கம் ஒதுங்கினா பஸ்ஸு. பைபாஸ் ரோட்டுல யூனிஃபார்ம் போட்ட பிள்ளைக சைக்கிளை விட்டு எறங்கி, வண்டியை நிறுத்தி, எதிர்ல வர்ற பைக்குக்கு வழி விட்டு நிக்குறதை நான் பாத்துக்கிட்டே இருக்கேன். சரியான பக்கத்துல வர்ற பிள்ளை நிக்குது, தப்பான பக்கத்துல வர்றவர் ஹாரன் அடிச்சுக்கிட்டு போறாரு. அதை பாத்தா எனக்கு வயிறு எரியும்.

எவ்வளவு பெரிய அடின்னு ஒரு கணக்கு சொல்றேன். பிள்ளையும் சைக்கிளும் சேர்த்து ஒரு 65 கிலோ, 15 கிலோமீட்டர் வேகம். ஒரு சாதா 100 சிசி பைக்கு மட்டுமே 110 கிலோ சொச்சம், ஓட்டுறவரோட சேர்த்து 180 வைங்க, 40 கிலோமீட்டர் வேகம். மோதும்போது அது கொண்டு வர்ற சக்தி சைக்கிளோட சக்தியை விட கிட்டத்தட்ட 20 மடங்கு. எடை வித்தியாசம் மூணு மடங்கு கூட இல்ல, மிச்சம் பூரா வேகம் தான், ஏன்னா வேகம் ரெண்டு மடங்கானா அடி நாலு மடங்காகும். மத்திய அரசு 2018ல போட்ட அறிவிப்புல ஊர் எல்லைக்குள்ள பைக்குக்கு உச்ச வேகம் 60. அந்தந்த ஊர்ல குறைச்சு வச்சுக்கலாம், ஆனா தாள்ல இருக்குறது 60. பதினஞ்சுல போற ஒருத்தனையும் அறுபதுல போற ஒருத்தனையும் கோடு கூட இல்லாத ஒரே ஓரத்துல விட்டிருக்கோம்.

2022ல இந்தியா பூரா ரோட்டு விபத்துல செத்தவங்க 1,68,491 பேர்னு மத்திய போக்குவரத்து அமைச்சகத்தோட அறிக்கை சொல்லுது. அதுல 4,800 பேருக்கு மேல சைக்கிள்ல போனவங்க. நடந்து போனவங்க 32,000த்துக்கு மேல. விபத்து எண்ணிக்கையில முதல் எடம் நம்ம தமிழ்நாடு தான், 64,105. ஆனா இதையும் சேர்த்து சொல்லணும், அதே வருஷம் செத்தவங்கள்ல 100க்கு 44 பேர் டூவீலர்ல போனவங்க, மத்த எல்லாரையும் விட அதிகம். சைக்கிள்காரனை ஓரத்துக்கு தள்ளுற பைக்காரரை லாரியும் பஸ்ஸும் காரும் தள்ளுது. அவரும் உசுரு பயத்துல தான் இடது பக்கம் ஒதுங்குறாரு. முன்னாடி டேங்க் மேல பிள்ளை, பின்னாடி சம்சாரம், கைப்பிடியில சாப்பாட்டுக் கூடைன்னு வேலைக்கு போற கொத்தனாரை வில்லனாக்கி பேசுறதுல எனக்கு இஷ்டமில்ல.

அப்ப ஏன் வர்றாங்க. எனக்கு தெரிஞ்சு பெரிய காரணம் செண்டர் மீடியன். ரோட்டை அகலப்படுத்தி நடுவுல சுவரு வச்சதும் யூ-டர்ன் அரை கிலோமீட்டருக்கு ஒண்ணுன்னு ஆகிடுது. உங்க வீட்டுச் சந்து ரோட்டுக்கு இங்கிட்டு இருக்கு, பால் கடை அங்கிட்டு, நேரா பாத்தா 60 அடி. சட்டப்படி போகணும்னா அரை கிலோமீட்டர் போயி திரும்பி அரை கிலோமீட்டர் வரணும், அப்புறம் வீட்டுக்கு வர இன்னொரு தடவை. தினமும் காலையில பால் வாங்க ரெண்டு கிலோமீட்டர் சுத்துவாங்களா, யாரும் சுத்த மாட்டாங்க, ஓரமா எதிர்ல போயிடுவாங்க. டெலிவரி தம்பிகளை எல்லாரும் திட்டுறாங்க, அவங்களுக்கு சீக்கிரம் கொண்டு போகணும்னு நெருக்கடி, ஆனா நான் நின்னு பாத்த எடத்துல ராங் சைடு வந்தவங்கள்ல பெரும்பாலும் தெருவாசிங்க தான், காய்கறிப் பையோட வந்தவங்க. மீடியனை டிசைன் பண்ணும்போது கார் நிக்காம போகணும்னு மட்டும் பாத்தாங்க. தெருவுல குடியிருக்குற ஜனம் எப்படி ரோட்டை தாண்டும்னு பாக்கல.

அடுத்தது பார்க்கிங். கீழ மாசி வீதி, தெற்கு மாசி வீதி எங்க வேணா நின்னு பாருங்க, கடைக்கு முன்னாடி பைக்கு சாய்வா வரிசையா நிக்கும், அதுக்கு வெளிய இன்னொரு வரிசை நிக்கும், சரக்கு எறக்குற மினி லாரி அதுக்கும் வெளிய. சைக்கிளுக்கான ஓரம் அங்க பூராவும் நிறுத்தி வச்ச வண்டி. ஓடுற பைக்கை விட நிக்கிற பைக்கு தான் அதிக இடத்தை பிடிச்சிருக்கு, அதை யாரும் ஆக்கிரமிப்புன்னு சொல்றதே இல்ல. அப்புறம் சிக்னல். கோரிப்பாளையத்துல சிகப்பு விழுந்ததும் பைக்கு எல்லாம் இடது ஓரமா ஊர்ந்து முன்னாடி வந்து நிக்கும், அது இயல்பு, அதை சரின்னு ஏத்துக்கிட்டு தான் டிசைன் பண்ணணும்.

சரி, தனிப் பாதை போட்டா. டெல்லியில 2008ல அம்பேத்கர் நகர்ல இருந்து மூல்சந்த் வரைக்கும் 5.8 கிலோமீட்டருக்கு பஸ்ஸுக்கு தனி வழி போட்டப்ப ஓரத்துல சைக்கிளுக்கும் தனிப் பாதை போட்டாங்க, பக்கத்து வழி நெரிசலானதும் பைக்கு பூரா அதுல புகுந்துச்சு. 2016ல மொத்த திட்டத்தையே பிரிச்சுட்டாங்க. பெங்களூர்ல 2020ல அவுட்டர் ரிங் ரோட்டுல கம்பு நட்டு சைக்கிள் பாதை பிரிச்சாங்க, அதுவும் நிக்கல. நம்ம ஆளுங்களுக்கு ஒழுக்கம் இல்லன்னு உடனே சொல்லிடுறாங்க. அது அப்படி இல்ல.

காரு வராம தடுக்குறது சுலபம், மூணு அடிக்கு ஒரு கம்பு நட்டா போதும். பைக்கை அப்படி தடுக்க முடியாது. ஒரு ஸ்கூட்டியோட அகலம் 70 சென்டிமீட்டர் பக்கம், சைக்கிள் ஹேண்டில் 55, 60. வீல்சேர் போக 90 சென்டிமீட்டராவது வேணும். வீல்சேர் போற இடைவெளி விட்டா ஸ்கூட்டி தாராளமா போகும், ஸ்கூட்டி போகாத இடைவெளி வச்சா வீல்சேர் போகாது, பின்னாடி பூக்கூடை கட்டின சைக்கிளும் போகாது, டீ கேன் மாட்டின சைக்கிளும் போகாது. வெளிநாட்டு புத்தகத்தை பாத்து நட்ட கம்பு நம்மூர்ல தோக்குறதுக்கு இதான் காரணம், அங்க பாதைக்குள்ள வர்ற தொல்லை காரு, இங்க வர்றது சைக்கிள் அளவே இருக்குற வண்டி.

டூவீலரை பிரிக்கிற விஷயத்துல நெதர்லாந்துக்காரங்க பண்ணதை பாருங்க. அங்கயும் ரொம்ப காலம் மொபெட்டு சைக்கிள் பாதையில தான் ஓடுச்சு. மஞ்ச பிளேட்டு வண்டி, 45 கிலோமீட்டர் வேகம் போறது, அதை 1999 டிசம்பர்ல ஊருக்குள்ள மெயின் ரோட்டுக்கு மாத்துனாங்க. நீல பிளேட்டு, 25 கிலோமீட்டர் வண்டி, அது மட்டும் சைக்கிள் பாதையிலயே ஓடுச்சு, ஆனா பாதிப் பேர் அதை முறுக்கி வேகமா ஓட்டினதால ஆம்ஸ்டர்டாம்ல 2019 ஏப்ரல் 8ல இருந்து அதையும் ரிங் ரோட்டுக்கு உள்ள மெயின் ரோட்டுக்கு அனுப்பிட்டாங்க, ஹெல்மெட்டும் கட்டாயம். இங்க கவனிக்க வேண்டியது, அனுப்புறதுக்கு அவங்ககிட்ட ஒரு மெயின் ரோடு இருந்துச்சு, டவுனுக்குள்ள பெரும்பாலும் 50க்கு மேல போகாத ரோடு. மலேசியா வேற மாதிரி போனாங்க, கோலாலம்பூர்ல இருந்து கிள்ளான் போற ஃபெடரல் ஹைவேயில 1970கள்லயே பைக்குக்குன்னு தனி வழி போட்டாங்க. ரெண்டு பேரும் பைக்காரனுக்கு ஒரு நல்ல எடத்தை முதல்ல காட்டிட்டு தான் சைக்கிள் எடத்துல இருந்து வெளிய போன்னு சொன்னாங்க. நாம அந்த முதல் பாதியை விட்டுட்டு ரெண்டாவது பாதியை மட்டும் சொல்றோம்.

இனி மதுரைக்கு. கோயிலைச் சுத்தி இருக்குற வீதிகள்ல பாதைன்னு பேச்சே வேண்டாம், மாசி வீதியில கம்பு நடவோ மீடியன் வைக்கவோ முடியாது, சித்திரையில தேர் சுத்தணும். அங்க செய்ய வேண்டியது நிக்கிற வண்டியை எடுக்குறதும் வேகத்தை 20, 25க்கு கொண்டு வர்றதும் தான், எல்லாரும் ஒரே வேகத்துல போனா தனிப் பாதை எதுக்கு. சித்திரை வீதியில வண்டியே விடாம வச்சிருக்காங்க, அதனால வியாபாரம் படுத்துடும்னு முதல்ல சொன்னாங்க, ஆனா வந்து பாருங்க சாயங்காலம் நிக்க எடம் இருக்காது. அழகர்கோவில் ரோட்டுல சித்திரைத் திருவிழாவுக்கு அழகரை வரவேற்குற எதிர்சேவை கூட்டம் வரும், அவர் தங்கிப் போற மண்டகப்படி வரும், அதுக்கு தோதா கழட்டி மாட்டுற மாதிரி தான் எதுவும் வைக்கணும், ஆனா அகலம் இருக்கு.

நத்தம் ரோட்டுல தான் எனக்கு நம்பிக்கை. 7.3 கிலோமீட்டர் மேம்பாலம் 2023 ஏப்ரல்ல திறந்ததுக்கு அப்புறம் நேரா போற வண்டி பாதி மேல ஏறிடுச்சு. கீழ ரோட்டுல லோக்கல் ஆளுங்க தான். அதே வருஷம் ஜூலையில கலைஞர் நூலகம் வேற திறந்தாச்சு, பிள்ளைக நிறைய வருது. அங்க பாதை போட்டா எப்படி போடணும்னு சொல்றேன். ரோட்டுக்கு அளவு வகுக்குற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்பு 1962ல இருந்தே சொல்ற குறைஞ்ச அகலம் 2 மீட்டர், ரெண்டு சைக்கிள் பக்கத்துல பக்கத்துல போற அளவு, அதுக்கு குறையக்கூடாது. ரோட்டை விட 15 சென்டிமீட்டர் உயரம், ஆனா சாய்வு இல்லாத செங்குத்தான ஓரக் கல்லு (கெர்ப்), பைக்கு நடுவுல எங்க வேணா ஏற முடியாத மாதிரி. ஒவ்வொரு கேட்டுக்கும் பாதையை எறக்கி ஏத்தக்கூடாது, பாதை மட்டமா போகணும், கேட்டுக்குள்ள போற கார் தான் ஏறி எறங்கணும். சந்து வந்து சேர்ற எடத்துலயும் அதே. அப்படி இருந்தா பாதைக்குள்ள வர்ற பைக்குக்கு நடுவுல வெளிய போக வழியே இருக்காது, ஆரம்பத்துல ஏறினா கடைசி வரைக்கும் சைக்கிள் பின்னாடி தான் ஊர்ந்து போகணும், ரெண்டு நாள்ல அவரே வெறுத்துப் போயி ரோட்டுக்கு வந்துடுவாரு. பார்க்கிங்கை பாதைக்கு வெளிய, பாதைக்கும் ரோட்டுக்கும் நடுவுல குடுக்கணும், அப்ப நிக்கிற வண்டியே சுவரு மாதிரி காவல் நிக்கும். எல்லாத்துக்கும் மேல, 150, 200 மீட்டருக்கு ஒரு எடத்துல ஜனம் ரோட்டை கடக்க வழி வேணும், நடந்தும் சைக்கிளை தள்ளிக்கிட்டும் பைக்குலயும். அதைக் குடுக்காம பாதை போட்டா அது ராங் சைடு பைக்குக்கு நாம கட்டிக் குடுத்த ரோடு.

தெருவுக்குள்ள ஸ்பீடு பிரேக்கர் பத்தி ஒண்ணு சொல்லியாகணும். 25 கிலோமீட்டர் வேகத்துல தாண்டுறதுக்குன்னு ஒரு அளவு இருக்கு, 3.7 மீட்டர் அகலம், நடுவுல 10 சென்டிமீட்டர் உயரம், சைக்கிள் அதுல வழுக்கிக்கிட்டு போகும். நம்ம தெருவுல ஒரு அடி அகலத்துல கொட்டி வச்சிருக்கது பைக்கை நிறுத்தாது, அவர் ஓரத்து இடுக்குல சர்ருன்னு போயிடுவாரு, கேரியர்ல பையோட வர்ற பிள்ளையைத் தான் தூக்கிப் போடும்.

இப்ப அந்த ஸ்கூட்டி. தம்பி, உங்க பயம் எனக்கு புரியுது, ஆனா பிளஸ் ஒன் பிள்ளைக்கு 16 வயசு. 16 வயசுல 50 சிசிக்கு மேல போகாத வண்டிக்கு தான் லைசென்ஸ், கடையில நிக்கிற பெட்ரோல் ஸ்கூட்டி எல்லாம் அதுக்கு மேல, அதுக்கு 18 ஆகணும். பிள்ளை ஓட்டி மாட்டிக்கிட்டாலே 199ஏ பிரிவுப்படி வண்டியோட சொந்தக்காரருக்கு, அதாவது உங்களுக்கு, 3 வருஷம் வரைக்கும் ஜெயிலும் 25,000 ரூபாய் அபராதமும். விபத்து ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் காசு குடுக்க முரண்டு பிடிப்பான். அதை விட முக்கியம், சைக்கிள்ல விழுந்தா முட்டி சிராய்க்கும், ஸ்கூட்டியில 40ல விழுந்தா அப்படி இல்ல. ஒவ்வொரு வீட்லயும் இதே பயத்துல ஒரு ஸ்கூட்டி வாங்கினதுல தான் ஸ்கூல் வாசல்ல இன்னைக்கு சைக்கிளை நிறுத்த எடம் இல்லாம போச்சு.

நாளைக்கு காலையிலயே செய்ய முடிஞ்சதை சொல்றேன். ஒரு ஞாயித்துக்கிழமை வெள்ளனா நீங்களும் ஒரு சைக்கிள் எடுத்து பிள்ளையோட ஸ்கூல் வரைக்கும் போங்க, மெயின் ரோட்டை விட்டுட்டு உள் தெரு வழியா எம்புட்டு தூரம் போக முடியுதுன்னு பாருங்க, அரை கிலோமீட்டர் கூடினாலும் பரவாயில்ல. மெயின் ரோட்டுல போயாகணும்னா தார் விளிம்புல இருந்து மூணு அடி உள்ள ஓட்டச் சொல்லுங்க. இது கேக்க பயமா இருக்கும், ஆனா விளிம்பை ஒட்டிப் போனா தான் பின்னாடி வர்றவரு இடுக்குல நுழைஞ்சு போகப் பாப்பாரு, மூணு அடி உள்ள இருந்தா ஒதுங்கி தாண்டுவாரு, ஒதுங்க எடம் இல்லன்னா ஹாரன் அடிச்சுக்கிட்டே பின்னாடி வருவாரு, அடிக்கட்டும். தெரியாம விளிம்புக்கு கீழ எறங்கிட்டா ஓட்டிக்கிட்டே ஏறக்கூடாது, நிறுத்தி, எறங்கி, தூக்கி வச்சு போகணும், இதை வீட்டுக்கு பக்கத்துல நாலு தடவை பழக்கி விடுங்க. எதிர்ல பைக்கு வந்தா வலது பக்கம் வெட்டக்கூடாது, தன் கோட்டுலயே பைய நின்னுடணும், சுத்திப் போறது அவர் வேலை. பெரிய ஜங்ஷன்ல வலது பக்கம் திரும்பணும்னா எறங்கி தள்ளிக்கிட்டு ஜனத்தோட கடக்கட்டும். நிக்கிற பஸ்ஸுக்கு இடது பக்கமா எப்பவும் நுழையக்கூடாது. அரசு சைக்கிள்ல பிரேக் கட்டையை ஒரு தடவை கடையில குடுத்து பாத்துடுங்க, பின் வீலுக்கு மேல சிகப்பு ரிஃப்ளெக்டர் ஒண்ணு ஒட்டுங்க, ரொம்ப கம்மி காசு தான்.

அப்புறம் மனு. ரோடு யாருதுன்னு முதல்ல பாருங்க, மாநகராட்சியா, மாநில நெடுஞ்சாலைத் துறையா, தேசிய நெடுஞ்சாலையா. தப்பான ஆபீஸ்ல குடுத்தா அது மேசை மேசையா சுத்தும். ஒவ்வொரு மாவட்டத்துலயும் கலெக்டர் தலைமையில சாலைப் பாதுகாப்பு குழு இருக்கு, போலீஸ், ஆர்டிஓ, நெடுஞ்சாலைத் துறை எல்லாரும் அதுல உக்காருவாங்க, அதுக்கு நேரா எழுதுங்க, திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள்ல கலெக்டர் ஆபீஸ்ல குடுக்கலாம். கோயம்புத்தூர் எலும்பு டாக்டர் ராஜசேகரன் 2012ல போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட்டு 2025 அக்டோபர்ல ஒரு உத்தரவு போட்டிருக்கு, நடக்குறவங்க, சைக்கிள்ல போறவங்க பாதுகாப்புக்கு 138(1ஏ) பிரிவுலயும் ரோடு டிசைனுக்கு 210டி பிரிவுலயும் மாநிலங்கள் ஆறு மாசத்துல விதி போடணும்னு. மனுவுல மோட்டார் வாகனச் சட்டத்தோட இந்த ரெண்டு பிரிவு எண்ணையும் எழுதுங்க, வாங்குறவர் நிமிர்ந்து உக்காருவாரு.

நீங்க தனியா குடுக்காதீங்க, ஹெட்மாஸ்டர் கையெழுத்தும் பெத்தவங்க ஒரு இருபது பேர் கையெழுத்தும் வாங்குங்க. சைக்கிள் பாதை வேணும்னு பொதுவா எழுதினா நிதி இல்லன்னு ஒரே வரியில பதில் வரும். ஒரு எடத்தை மட்டும் சொல்லுங்க. ஸ்கூலுக்கு முன்னாடி இத்தனை மீட்டர்ல தார் விளிம்பு இத்தனை சென்டிமீட்டர் எறங்கி இருக்கு, அதுக்கு மண்ணடிச்சு மட்டம் பண்ணணும். மீடியன்ல இன்ன கடைக்கு எதிர்ல ஜனம் கடக்க வழி விடணும். காலையில எட்டரையில இருந்து ஒன்பதரை, சாயங்காலம் நாலுல இருந்து அஞ்சு வாசல்ல இடது ஓரத்துல வண்டி நிறுத்தக்கூடாதுன்னு போர்டு வேணும், அந்த நேரத்துக்கு ஒரு போலீஸ்காரர் வேணும். ஸ்கேலை வச்சு விளிம்பை அளந்து எடுத்த போட்டோவையும், ராங் சைடுல வர்ற பைக்கு எங்க இருந்து கிளம்பி எங்க போகுதுன்னு ஒரு சின்ன படத்தையும் சேர்த்து வைங்க. இதுல முதல் வேலைக்கு டெண்டர் கூட வேண்டாம், பராமரிப்பு கணக்குலயே செஞ்சுடலாம். மனு குடுத்ததுக்கு ரசீது வாங்கி வச்சுக்கோங்க, ஒரு மாசத்துல பதில் இல்லன்னா அந்த ரசீது எண்ணை போட்டு ஆர்டிஐ போடுங்க, எந்த அதிகாரி மேசையில இருக்குன்னு எழுத்துல வந்துடும்.